நூலில் மிச்சம் பிடிக்கலாமா?

குதிரைமீது அமர்ந்திருப்பவர் காலை ஊன்றி எழும்போது அவருடைய எடை முழுவதும் அங்கவடி வாரில் இறங்குகிறது. அந்த வாரின் முனையில் பக்கிளைப் பிடித்து நிற்பது ஓரிரு அங்குல நீளமுள்ள தையல்தான். ஓட்டத்தின் நடுவே அது பிரிந்தால் என்ன நேரும் என்பதைக் குதிரையேற்றம் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அவர்கள் சேணத்தைப் பூட்டுமுன் தோலைத் தடவிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் தையலையும் நகத்தால் நெருடிப் பார்க்கிறார்கள்.

இத்தகைய சேணங்களுக்கும் கடிவாளங்களுக்கும் நம் நாட்டில் பெயர்பெற்ற ஊர் கான்பூர். 1857ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பின்னர், ஆங்கிலேயப் படையின் தேவைக்காகச் சேணமும் கடிவாளமும் செய்யும் அரசுத் தொழிற்சாலை அங்கே வளர்ந்தது. கங்கைக் கரையில் உள்ள ஜாஜ்மாவ் பகுதி, தோல் பதனிடும் கூடங்களுக்குப் பெயர்போனது. கான்பூர்ச் சேணப் பொருள்களுக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு. தமிழகத்தில் ஆவாரம் பட்டை எப்படியோ, வடக்கே கருவேலம் பட்டை அப்படி. மரப்பட்டைச் சாற்றில் பதப்பட்ட தடித்த தோல்தான் சேண வேலைக்கு ஏற்றது. அதைக் கையால் தைப்பவர் தோலுக்கு ஆயிரக்கணக்கில் செலவிட்டுவிட்டு, நூலில் சில ரூபாய்களை மிச்சம் பிடிக்க நினைப்பது இயல்பே. அந்தச் சிக்கனம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையே இங்கு பார்க்கிறோம்.

கைத்தையலின் வலிமை முதலில் விளங்க வேண்டும். இயந்திரத் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றி நிற்கின்றன; ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தடுத்த கண்ணிகளும் தளர்கின்றன. சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராக நுழைக்கிறார்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்க இழை பிடித்துக்கொள்ளும். நாம் வாங்கிய தோள்பை ஒன்றின் வார், ஒரு கண்ணி விட்டதும் ஒரே வாரத்தில் முழுவதுமாகப் பிரிந்தது. தெருவோரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் இரண்டு ஊசி கொண்டு அதைத் தைத்துக் கொடுத்தார். பையின் தோல் வெடித்துவிட்ட பின்னும் அந்தத் தையல் அசையவில்லை.

இனி நூல். பருத்தி நூல் மலிவு. ஆனால் ஈரத்திலும் வியர்வையிலும் விரைவில் இற்றுப்போகும். லினன் எனப்படும் ஆளிநார் நூல் சேண வேலையின் மரபான தேர்வு. அது நீளாது, முடிச்சு வழுக்காது, தோலில் அழகாகப் படியும். ஆனால் விலை அதிகம். மெழுகு பூசிப் பேணாவிட்டால் அதுவும் ஈரத்தில் நலியும். நைலான் மிக உறுதியானது என்றாலும் இழுத்தால் நீளும்; நீண்டகால வெயிலில் வலுவிழக்கும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, வெயிலை நைலானைவிட நன்றாகத் தாங்கும், மக்காது, விலையும் எட்டும் அளவில் இருக்கும். எனவே சிறு தொழில் செய்வோருக்கு முறுக்கிய அல்லது பின்னிய பாலியெஸ்டர் நூலே பொருத்தம் என்பது நம் கருத்து. மீன்பிடி நரம்பைக்கொண்டு தைப்பவர்களும் இருக்கிறார்கள். அது தோலையே அறுக்கும் என்பதால் தவிர்ப்பது நல்லது.

கடையில் ‘பாலியெஸ்டர்’ என்று சொல்லித் தரப்படுவது உண்மையில் அதுதானா? சிறு துண்டைக் கொளுத்தினால் தெரிந்துவிடும். பருத்தியும் லினனும் காகிதம்போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் கரும்புகையுடன் உருகி, கடினமான மணியாக இறுகும். அடுத்து, முனையை விரலால் முறுக்கவிழ்த்துப் பார்க்கலாம். இழைகள் உடனே பறந்து பிரிந்தால், ஒவ்வொரு துளையிலும் உரசும் தோல் அதைப் பஞ்சாக்கிவிடும்.

விலையைக் கண்டையின் மேல் உள்ள எண்ணைக்கொண்டு ஒப்பிடுவதுதான் பலர் ஏமாறும் இடம். ‘டெக்ஸ்’ என்பது 1,000 மீட்டர் நூலின் எடையை கிராமில் சொல்லும் எண். எண் கூடினால் நூல் தடிக்கும். ‘டிக்கெட்’ எண்ணோ நேர்மாறு. கூடினால் நூல் மெலியும். 200 டெக்ஸ் நூல் 100 கிராம் இருந்தால் அதில் 500 மீட்டர் இருக்க வேண்டும். மெழுகு பூசிய நூலாயின் எடையில் மெழுகும் சேர்ந்திருப்பதால் நீளம் குறையும். ஆகவே கண்டையின் விலையை விட்டுவிட்டு, மீட்டரின் விலையைக் கணக்கிட வேண்டும்.

சிக்கனத்துக்கு நேர்மையான வழி ஒன்று இங்கேயே இருக்கிறது. மெழுகில்லாத நல்ல நூலைப் பெரிய கண்டையாக வாங்கி, வேண்டியபோது தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு மூன்று முறை இழுத்துக்கொள்ளலாம். விரல் சூட்டில் மெழுகு உள்ளிறங்கும். துளையில் நூல் வழுக்காமல் இறுகும். பணப்பை போன்ற மெல்லிய வேலைக்கு 0.6 மி.மீ., கைப்பைக்கு 0.8 மி.மீ., இடுப்புவாருக்கும் கனத்த வார்களுக்கும் 1 மி.மீ. தடிப்பு ஏற்கும். மெல்லிய தோலில் தடித்த நூலைப் போட்டால் துளை பெருத்துத் தோல் கிழியும்.

ஓர் இடுப்புவாரின் இரு ஓரங்களையும் தைக்க 2 மீட்டர் தையல் என்று கொண்டால், சேணத் தையலுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது 8 மீட்டர் நூல் செல்லும். மீட்டர் 75 காசு நூலுக்கு 6 ரூபாய். 2 ரூபாய் நூலுக்கு 16 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு வார்களில் 1,000 ரூபாய் வேறுபாடு. 900 ரூபாய்க்கு விற்ற வார்களில் இரண்டு திரும்பி வந்தாலே அந்த மிச்சம் கரைந்துவிடும்; வராமல் போகும் வாடிக்கையாளர் எந்தக் கணக்கிலும் ஏறமாட்டார்.

கையில் முதலில்லாமைதான் பலரைச் சிறு கண்டைகளில் தள்ளுகிறது. சில்லறையில் மீட்டர் விலை எப்போதும் கூடுதல். 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம் காலணித் தொழிலாளர் உள்ளிட்ட 18 மரபுத் தொழிலினருக்கு, முதல் தவணையாக 1 லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடு வட்டியில் பிணையின்றிக் கடன் வழங்குகிறது. கருவிகளுக்கான 15,000 ரூபாய் உதவி தனி. நூலும் மெழுகும் கருவிக் கணக்கில் சேராது. அவற்றுக்கான தொகையைக் கடன் விண்ணப்பத்தின்போதே நடைமுறை மூலதனமாகக் கணக்கிட்டுச் செல்வது பயன்தரும்.

பெரிய கண்டை வாங்குமுன் ஒரு சிறு கண்டையில் கழிவுத் தோலைத் தைத்து, ஓரிரவு உப்புநீரில் ஊறவைத்து, காய்ந்தபின் பலமாக இழுத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் கவனியுங்கள். ஓர் ஒப்பந்தத்துக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே சாயத் தொகுதியிலிருந்து வாங்குங்கள். அடுத்த முறை அதே நிறம் சற்றே மாறி வரக்கூடும். ஒரு முழ நூலை ரசீதோடு சேர்த்துப் பின் குத்தி வைத்தால், மறுமுறை கடைக்காரரிடம் வாதம் தேவைப்படாது.