உங்களுக்குத் தெரியுமா? மூங்கில், விளக்கு, சேகண்டி: பிலிப்பைன்ஸின் ஆட்டங்கள்

★ பிலிப்பைன்ஸுக்குச் சட்டப்படி ஒரு தேசிய மரம் இருக்கிறது. தேசியப் பூவும் தேசியப் பறவையும் இருக்கின்றன. 2009-இல் தனிச் சட்டம் இயற்றி, ஆர்னிஸ் என்னும் கம்புச் சண்டையைத் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தார்கள். தேசிய நடனம் என்று எதையும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த நாட்டுக்காரர்களைக் கேட்டால் சிலர் ‘டினிக்லிங்’ என்பார்கள், சிலர் ‘கரின்யோசா’ என்பார்கள். இரண்டுமே ஊர் வழக்குதான். 1998-இல் வந்த குடியரசுச் சட்டம் 8626, பயானிஹான் என்ற நடனக் குழுவுக்குத் தேசிய நாட்டுப்புற நடனக் குழு என்ற தகுதியைத் தந்தது. 7,641 தீவுகளும் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளும் உள்ள நாட்டில் ஒரே ஒரு ஆட்டத்தைப் பொறுக்கி எடுக்காமல் விட்டதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

★ டினிக்லிங் பிறந்த இடம் லெய்டே தீவு. ஏறக்குறைய ஒன்பது அடி நீளமுள்ள இரண்டு மூங்கில்களைக் கட்டைகளின் மேல் கிடத்தி, ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து இருவர் தட்டுவார்கள். மூன்று எண்ணிக்கைத் தாளம். இரண்டு எண்ணிக்கைக்கு மூங்கில்கள் விலகியிருந்து கட்டையில் தட்டும். ஒன்றுக்கு இரண்டும் மோதிக்கொள்ளும். அந்த இடைவெளிக்குள் வெறுங்காலோடு புகுந்து வெளியேற வேண்டும். வயல்வெளியில் நெட்டைக் காலால் தாவித் தாவி, விவசாயி வைத்த மூங்கில் பொறிக்குச் சிக்காமல் ஓடும் ‘டிக்லிங்’ பறவையின் நடைதான் இந்த ஆட்டம். போகப்போகத் தாளத்தின் வேகம் ஏறும். கணுக்கால் தப்புமா என்று பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஸ்பானியர்கள் வேலைக்காரர்களை மூங்கில்களுக்கு நடுவே நிறுத்தித் தண்டித்ததிலிருந்து வந்த ஆட்டம் என்று ஒரு கதை பரவலாக உலவுகிறது. அதற்கு வரலாற்று ஆதாரம் எதுவும் இல்லை. பகிர்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

★ இந்த ஆட்டங்கள் இன்று உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்ல ஒரே ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், நான் சொல்லும் பெயர் பிரான்சிஸ்கா ரேயெஸ் அக்கினோ. 1899-இல் புலக்கான் மாகாணத்தின் பொகாவே ஊரில் பிறந்தவர். உடற்கல்வி ஆசிரியை. நாடு அமெரிக்கர்களின் ஆட்சியில் இருந்த காலம் அது. பள்ளிகளில் அந்நிய நாட்டு ஆட்டங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, இவர் சொந்த நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆட்டங்களையும் விளையாட்டுகளையும் சேகரித்தார். 1926-இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் அதையே முதுகலை ஆய்வேடாகக் கொடுத்தார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹோர்ஹே பொகோபோ இந்த வேலையின் அருமையைப் புரிந்துகொண்டார். 1930-களில் நாடு முழுவதும் பாட்டும் ஆட்டமும் திரட்ட ஏற்பாடு செய்தார். அக்கினோ காலடிகளை எழுத, இசையமைப்பாளர் அந்தோனினோ புவெனவென்துரா மெட்டுகளை ஸ்வரக் குறிப்பாக்கினார்; ரமோன் டோலென்டினோவும் உடன் உழைத்தார். எத்தனை எண்ணிக்கைக்கு எந்தக் கால், கை எந்த உயரத்தில், பாவாடை நுனியை எப்போது பிடிப்பது என்று வரிவரியாக எழுதப்பட்ட ஆட்டங்கள் பின்னர் ஆறு தொகுதிகளாக அச்சாயின. ஒரு கிழவி இறந்தால் அவளோடு போய்விடக்கூடிய ஆட்டத்தை, அவளைப் பார்த்தே இராத ஊரின் ஆசிரியர் பாடம் நடத்தும்படி செய்தது இந்தப் புத்தகங்கள்தாம்.

1962-இல் இவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு அன்னை தெரசாவும் அந்த விருதைப் பெற்றார். இவருக்குக் கொடுத்தது அரசுப் பணிக்கான பிரிவில்! கல்வித் துறையில் இருந்துகொண்டு செய்த வேலை என்பதால் அப்படி. 1973-இல் நடனத்துக்கான முதல் தேசியக் கலைஞர் பட்டமும் இவருக்கே.

★ தலையில் ஒரு எண்ணெய் விளக்கு, இரண்டு புறங்கைகளிலும் ஒவ்வொன்று. மூன்றும் எரிய, ஒன்றும் விழாமல் சுழன்று ஆடுவது ‘பாண்டாங்கோ சா இலாவ்’. ஸ்பெயினின் ஃபண்டாங்கோ கடல் கடந்து வந்து மின்டோரோவை ஒட்டிய லுபாங் தீவில் கைக்கு விளக்கு வாங்கிக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததை நம்பாமல் ஜப்பானிய வீரர் ஹிரூ ஒனோடா 1974 வரை காட்டில் ஒளிந்திருந்தாரே, அதே லுபாங்தான்.

★ பங்கசினான் மாகாணத்தின் பயம்பாங் ஊரில் விளக்குக்குப் பதில் கண்ணாடிக் கோப்பைகள். ‘பினாசுவான்’ ஆடுபவர் தலையில் ஒன்று, கைக்கொன்று என்று வைத்துக்கொண்டு தரையில் படுத்து உருண்டு எழுவார். கோப்பைகளில் பாதியளவு அரிசி மது. சிந்தக் கூடாது.

★ சூரிகாவ் பகுதியின் ‘இட்டிக் இட்டிக்’ ஒரே ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கியது என்பார்கள். ஞானஸ்நான விருந்து ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த கானாங் என்பவர், உற்சாகம் மிகுந்து வாத்து நடப்பதையும் நீரைச் சிறகால் வாரி இறைப்பதையும் செய்துகாட்ட, எல்லோரும் அதையே ஆடத் தொடங்கிவிட்டார்களாம். நாட்டுப்புற ஆட்டத்துக்கு ஆசிரியர் பெயர் மிஞ்சுவது அபூர்வம்.

★ லகூனா மாகாணத்தின் பின்யான் ஊர் ஆண்கள் மார்பு, முதுகு, இடுப்பு, தொடை எல்லாவற்றிலும் தேங்காய்ச் சிரட்டைகளைக் கட்டிக்கொள்வார்கள். கையிலும் சிரட்டை. தன் மேலும் எதிராளியின் மேலும் தட்டித் தட்டியே தாளம் எழும். இது ‘மக்லாலாட்டிக்’. தேங்காய்ப்பால் காய்ச்சும்போது அடியில் திரளும் கசண்டுக்காக முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சண்டையிடுவதுபோல் நடித்து, சமாதானத்தில் முடிக்கிறார்கள். உழவர்களின் புனிதர் இசிதோருக்கு நேர்த்தியாக ஆடுவது.

★ சாமார், லெய்டே தீவுகளின் வாராய் மக்கள் கல்யாணத்தில் ‘குராச்சா’ இல்லாமல் முடியாது. ஜோடி ஆடும்போது சுற்றி நிற்கும் உறவினர்கள் காசை வீசுவார்கள். அதுவே மணமக்களுக்கு மொய்.

★ மேடையில் நீளக் கவுனும் அகன்ற கையும் அணிந்து ஆடும் பெண்களின் உடைக்குப் பெயர் மரியா கிளாரா. ஹோசே ரிசால் 1887-இல் வெளியிட்ட ‘நோலி மெ டாங்கெரே’ நாவலின் நாயகி அவள். ஒரு நாவல் பாத்திரத்தின் பெயர் உடைக்கும், பின்னர் ஸ்பானியச் சாயல் கொண்ட நடனத் தொகுப்புக்கும் ஆகிவந்தது. அந்த நாவலில் மரியா கிளாராவின் தாய், பிள்ளை வரம் வேண்டி ஒபாண்டோ ஊர்த் திருவிழாவில் ஆடுகிறாள். அந்தத் திருவிழா இன்றும் மே 17, 18, 19 நாட்களில் நடக்கிறது. குழந்தை வேண்டுவோர் இன்றும் தெருவில் ஆடி வருகிறார்கள்.

இந்த உடைகளில் உயர்ந்தவை அன்னாசி இலையின் நாரில் நெய்த ‘பீன்யா’ துணியால் ஆனவை. அக்லான் மாகாணத்தின் இந்தக் கைத்தறி நெசவு 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

★ உலகம் பிலிப்பைன்ஸ் நடனத்தைக் கண்டது 1958-இல், பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில். அதற்கு முந்தைய ஆண்டுதான் மணிலாவில் பிலிப்பைன் மகளிர் பல்கலைக்கழகத்தின் ஹெலெனா பெனிட்டெஸ் பயானிஹான் குழுவைத் தொடங்கியிருந்தார். ஆடியவர்கள் கல்லூரி மாணவர்கள். நடன அமைப்பு லுக்ரேசியா ரேயெஸ் உர்டுலா, இசை லுக்ரேசியா காசிலாக். இருவருமே பின்னாளில் தேசியக் கலைஞர்கள் ஆனார்கள். 1959-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையிலும் குழு ஏறியது. ஒரு மணிநேரம் நீளும் சடங்காட்டத்தைச் சில நிமிடங்களுக்குச் சுருக்குவது, வட்டமாய் ஆடுவதை அரங்கை நோக்கித் திருப்புவது, மலைநாடு, ஸ்பானியச் சாயல், முஸ்லிம் தெற்கு, பழங்குடி, கிராமம் என்று ஐந்து தொகுப்புகளாக அடுக்குவது எல்லாம் அந்த மேடைக்காகத்தான் வந்தன. இன்று வெளிநாட்டில் எந்தப் பிலிப்பினோ சங்க விழாவுக்குப் போனாலும் இந்த வரிசையைப் பார்க்கலாம்.

★ அந்த மேடையின் மகுடம் ‘சிங்கில்’. நான்கு மூங்கில்கள் இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக மோத, விசிறிகளைச் சுழற்றியபடி இளவரசி முகத்தில் சலனமின்றி அவற்றைத் தாண்டுவாள். பின்னால் குடை பிடித்துத் தோழி வருவாள். மின்டனாவோவில் லானாவ் ஏரிக்கரையில் வாழும் மாரனாவ் முஸ்லிம்களின் ஆட்டம் இது. கதை, அவர்களின் ‘தாரங்கென்’ காப்பியத்தில் வருவது. 17 காண்டங்களும் 72,000 வரிகளும் கொண்டு, வாய்மொழியாகவே பாடப்பட்டு வந்த காப்பியம். யுனெஸ்கோ 2005-இல் அதைச் சிறப்பித்தது.

மாரனாவ் ஊரில் சிங்கில் ஆடுவது பெண்கள். வாளேந்திய இளவரசன் வந்து காதல் நாடகமாக முடிவது மேடைக்காரர்கள் சேர்த்தது. தங்கள் ஆட்டம் நாட்டின் அடையாளமாக ஊர் ஊராகச் சுற்றும்போது தங்களைக் கேட்டவர் யார் என்ற கேள்வி மாரனாவ் மக்களுக்கு எழுந்தால் அதில் தவறே இல்லை. தெற்கு முஸ்லிம்களின் அழகை மேடையில் கைதட்டி வரவேற்ற நாட்டில்தான், அதே மக்களோடு பல பத்தாண்டுகள் உள்நாட்டுப் போரும் நடந்தது. சிங்கிலைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துப் பேச முடியாது.

★ ராவணன் அந்த ஏரிக்கரைக்கும் போயிருக்கிறான்! மாரனாவ் மொழியில் ‘மகாராடியா லவானா’ என்றொரு கதை உண்டு. 1960-களின் கடைசியில் அறிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ அதைக் கண்டெடுத்துப் பதிப்பித்தார். ராமன் அங்கே ராடியா மங்கண்டிரி. லக்சமானா என்ற பெயர் அனுமனுக்கு உரிய வானரப் பாத்திரத்துக்குப் போய்விட்டது. இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் அந்த மக்கள் இக்கதையை விட்டுவிடவில்லை.

★ வடக்கே கார்டிலியெரா மலைகளில் அடிக்கும் ‘கங்சா’ தட்டையான சேகண்டி. கையால் தட்டியும் வாசிப்பார்கள், கோலால் அடித்து ஆடிக்கொண்டும் வாசிப்பார்கள். தெற்கே மின்டனாவோவின் ‘குலின்டாங்’ நடுவில் குமிழ் வைத்தது. வரிசையாக அடுக்கி உட்கார்ந்து வாசிப்பது.

★ மேடைக்கு எதிர்த் திசையில் போன ஒருவரும் உண்டு. ரமோன் ஒபூசான் பயானிஹானில் ஆடியவர், அதற்காக ஆய்வும் செய்தவர். 1972-இல் தனிக் குழு கண்டார். ஊரில் எந்த வேகத்தில், எந்தத் துணியில், எந்த வாத்தியத்தோடு ஆடுகிறார்களோ அதை மாற்றாமல் மேடையேற்றுவது அவர் கொள்கை. வேகம் குறைந்தால் பார்வையாளர் சலித்துப்போவார் என்ற பயம் அவருக்கு இல்லை. 2006-இல் தேசியக் கலைஞர் ஆனார், அதே ஆண்டு காலமானார். என் மனம் ஒபூசான் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் பயானிஹான் அந்த வெளிச்சத்தைக் கொண்டுவராவிட்டால் இவர் பேச்சைக் கேட்க அரங்கில் ஆள் இருந்திருக்காது என்பதும் உண்மை.

★ சூலு தீவுகளின் தௌசுக் மக்களுடைய ‘பங்கலாய்’ ஆட்டத்தில் கால் அதிகம் நகராது. நீண்ட உலோக நகங்கள் பூட்டிய விரல்கள் கடலலைபோல் மடங்கி நிமிரும். வடக்கே மரிகினாவில் பிறந்து, சூலுவுக்கு மருமகளாகப் போன லிகாயா பெர்னாண்டோ அமில்பங்சா, அங்கேயே இருந்து கற்று, 1983-இல் இதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 2015-இல் மகசேசே விருது பெற்றார். ஒரு ஆட்டத்தைச் சொந்தக்காரர்களிடமே உட்கார்ந்து படிப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

★ அமெரிக்கப் பள்ளிகளின் உடற்பயிற்சி வகுப்பில் டினிக்லிங் இருக்கிறது. கலிபோர்னியாவின் பல்கலைக்கழகங்களில் பிலிப்பினோ மாணவர்கள் ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகிறார்கள். தாய்மொழி பேசத் தெரியாத பிள்ளைகளும் மூங்கிலுக்கு நடுவே கால் வைக்கப் பழகுகிறார்கள்.

இந்த ஆட்டங்களின் காணொளிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பயானிஹானின் சிங்கிலையும் ஒபூசான் குழுவின் ஆட்டம் ஒன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். யாருக்காவது அனுப்புவதானால் ‘பிலிப்பைன்ஸ் நடனம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் லெய்டே, லுபாங், மாரனாவ், தௌசுக் என்று ஊரையும் மக்களையும் பெயர் சொல்லி அனுப்புங்கள்.