தூக்க மாத்திரையும் பத்து மாதமும்

பெங்களூரு தொம்மலூரின் எம்பசி கோல்ஃப் லிங்க்ஸ் போன்ற அலுவலக வளாகங்களில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு, வெயில் ஏறும்போதுதான் படுக்கை. அப்படித் தூக்கம் கெட்டவர்களில் சிலருக்கு சோல்பிடெமோ குளோனசெபாமோ தூக்கத்துக்கான மாத்திரையாகப் பழகிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்ததும் அதே அட்டையைத் தொடவே பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு ஒரு தூக்க மருந்துதான். மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைத்தது, மசக்கைக்கும் விழுங்கினார்கள். கருத்தரித்த நான்காவது, ஐந்தாவது வாரங்களில், கை கால் அரும்பும் சமயத்தில், அவற்றைச் சிதைக்கச் சில மாத்திரைகளே போதுமாயிருந்தன. 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர்.

அந்த ஆபத்தை லான்செட் இதழில் எழுதி எச்சரித்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு. அவரே பிறகு டாக்சிலமைன் கலந்த மசக்கை மாத்திரையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். வழக்குகள் குவிய, 1983-இல் தயாரிப்பாளரே அதை நிறுத்திக்கொண்டார். ஆய்வுகளோ குற்றத்தை உறுதிசெய்யவில்லை. 2013-இல் அமெரிக்கா மீண்டும் அனுமதித்தது. வேறொரு மருந்தைப் பற்றிய ஆய்வில் தரவுகளைத் திரித்ததற்காக 1993-இல் மெக்பிரைடின் மருத்துவப் பதிவே பறிபோனது. தூக்கம் வரவழைக்கும் அந்த டாக்சிலமைனை நம்மூர் மருத்துவர்கள் இன்றும் மசக்கைக்கு எழுதித் தருகிறார்கள். அலட்சியம் ஒரு முறை ஏமாற்றியது என்றால், பீதி இன்னொரு முறை.

இனி அந்த அட்டைக்கு வருவோம். சோல்பிடெம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை அடைகிறது. பிறவிக் குறைபாடு கூடுவதாகத் தெளிவான சான்று இல்லை. குறைப்பிரசவம், எடைக்குறைவு ஆகியவற்றோடு சில ஆய்வுகள் அதைத் தொடர்புபடுத்துகின்றன. ஆனால் தூக்கமின்மையும் மனச்சோர்வும்கூட அவற்றைக் கொண்டுவரக்கூடியவையே. குளோனசெபாம், அல்பிரசோலாம் வகையைப் பிரசவம் நெருங்கும்போது தொடர்ந்து எடுத்தால் குழந்தை துவண்டு பிறக்கலாம், பால் குடிக்கத் திணறலாம், மூச்சு மந்தமாகலாம். அதற்காக நெடுநாள் எடுத்ததை ஒரே இரவில் நிறுத்துவதும் தப்பு: வலிப்புவரை போகலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உண்மையில் முதலில் தேட வேண்டியது தூக்கம் ஏன் போனது என்பதை. இரவில் கால் குடைச்சலா? இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரத்தத்தில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தால் தெரியும். குறட்டையும் மூச்சடைப்பும் இருந்தால் தூக்க மாத்திரை அவற்றை மோசமாக்கலாம். மனம் சோர்ந்து அழுகை வருகிறதா? தொம்மலூரிலிருந்து தொலைவில்லாத நிமான்ஸ் மருத்துவமனையில், தாய்க்கும் சேய்க்குமான மனநல உள்நோயாளிப் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. வெறும் தூக்கமின்மை என்றால், மாத்திரைக்கு முன் முயலவேண்டியது தூக்கத்துக்கான நடத்தை சிகிச்சை.

கர்ப்பம் தெரியுமுன் விழுங்கிய சோல்பிடெமுக்காக மட்டும் கருவைக் கலைக்கத் தேவையில்லை. அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டி, எந்த வாரம், எத்தனை இரவு என்று சொன்னால் போதும். உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18–20 வாரத்தில் எப்படியும் உண்டு.