உவர் கிணற்று நீரில் மரக்கன்று வளர்க்கலாமா?

கிரிவலம் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் மொட்டைப் பாறையும் புல்லுமாக இருந்த அண்ணாமலையார் மலைச் சரிவில் இப்போது மரங்கள் தெரிகின்றன. வனத்துறையுடன் சேர்ந்து 'தி ஃபாரஸ்ட் வே' போன்ற அமைப்புகள் நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் நட்ட நம் நாட்டு மரங்கள் அவை. கோடை வறட்சியையும் புல்லில் பற்றும் தீயையும் தாண்டி வந்தவை.

கீழே சமவெளியில் மரம் வளர்க்கும் நமக்கு இன்னொரு தொல்லை உண்டு. கோடையில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கினால் தண்ணீர் உவர்த்துவிடும். தினமும் தண்ணீர் விட்டும் கன்றின் இலை ஓரம் கருகுகிறதா? தினமும் விட்டதே காரணமாக இருக்கலாம்.

கணக்குப் பாருங்கள். உங்கள் கிணற்று நீரின் இ.சி. அளவு 2 டெசிசைமன் என்றால், ஒரு லிட்டரில் சுமார் 1.3 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு பைக்குத் தினம் 100 மில்லி வீதம் தெளித்தால் மூன்று மாதத்தில் 11 கிராமுக்கு மேல் உப்பு சேரும். அதாவது இரண்டு தேக்கரண்டி! தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. அதனால் தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, ஒன்றுவிட்டு ஒரு நாள் பையின் அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றுவதே நல்லது. துளை அடைபட்ட பையில் கன்று தேறாது.

விதை முளைக்கும்போதும் முதல் சில இலைகள் விடும்போதும்தான் உப்பு அதிகம் தாக்கும். அந்த நாட்களுக்கு மட்டுமாவது கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வையுங்கள். வேம்புக்கு இது தோதாக அமையும். பழம் ஆனி, ஆடியில் கிடைக்கும். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். போன வருட வேப்பங்கொட்டையை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், முளைப்பது அரிது. புங்கன் விதை சில மாதம் தாங்கும். வேம்பைவிட உப்பையும் நன்றாகத் தாங்கும் என்பதால், உவர் நிலத்துக்கு என் முதல் தேர்வு புங்கன்தான்.

கடைசி ஒரு மாதம் நிழலைக் குறையுங்கள், தண்ணீர் விடும் இடைவெளியைக் கூட்டுங்கள். மழைநீரோடு கிணற்று நீரைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று கலந்து பழக்குங்கள். நல்ல தண்ணீரிலேயே வளர்ந்த கன்றைத் திடீரென்று உவர் மண்ணில் வைத்தால் துவண்டுவிடும்.

நடுவதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் அது களர். குழி மண்ணில் ஜிப்சம் கலக்காமல் கன்று வைப்பது வீண்.

ஐப்பசி மழையில் நடுங்கள். வரப்பு உச்சியில் வேண்டாம், உப்பு அங்கேதான் பூக்கும். குழியைச் சற்றுத் தாழ்வாக விட்டு, தூரைத் தொடாமல் சுற்றிலும் சருகு பரப்பினால், வெயிலில் உப்பு மேலேறி வருவதும் குறையும்.