கார்டு சரி... எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா?

பையனுக்கு வீடியோ எடிட்டிங் ஆசை, பொண்ணுக்கு ஆட்டோகேட், இரண்டு பேருக்கும் பொதுவாக கேம். திருச்சியில் இப்படி எத்தனையோ வீடுகளில் ஏழெட்டு வருஷத்து அசெம்பிள்டு சிபியு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. “கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாத்துங்க சார், இன்னும் மூணு வருஷம் ஓடும்” என்பார்கள் தில்லைநகர் கடைகளில். சொல்வதில் தப்பில்லை. எந்த கார்டு என்று மணிக்கணக்கில் யூடியூப் பார்க்கிறவர்கள், அதற்கு கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

கேபினெட்டோடு ‘ஃப்ரீ’யாக வந்த தகரப் பெட்டி அது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ஸ்டிக்கர் தெரியும். கொட்டை எழுத்தில் 450 வாட்ஸ். அதை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 என்று இருந்தால், பன்னிரண்டால் பெருக்க வேண்டும்: 168 வாட்ஸ். பிராசஸர், ஃபேன், ஹார்ட் டிஸ்க், புது கார்டு எல்லாமே பெரும்பாலும் இதிலிருந்துதான் உறிஞ்சியாக வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபின் செகண்ட் ஹேண்டில் கொட்டிய ஆர்எக்ஸ் 580 ஒன்றே 185 வாட்ஸ் கேட்கும்!

அதற்கான 8 பின் ஒயர் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்காது. உடனே ஒரு கன்வெர்ட்டர் ஒயரைச் சொருகித் தருவார்கள். ஹார்ட் டிஸ்க்குக்காகப் போட்ட மெல்லிய ஒயரில் அத்தனை கரண்ட்டை இழுத்தால், முதலில் உருகுவது பிளாஸ்டிக் முனை.

இதோடு நம்ம ஊர் வெயில். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சாதாரணம். ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஜன்னலே இல்லாத நடு அறையில், மர மேஜையின் பொந்துக்குள் சிபியு இருக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்றால் எத்தனை டிகிரி சூட்டில் முழு வாட்ஸைத் தரும் என்று எழுதியிருப்பார்கள். மலிவானதில் அந்த வரியே இருக்காது. பிளக் பாயிண்டில் எர்த் இல்லாத வீடு என்றால் கேபினெட்டைத் தொட்டாலே சுருக்கென்று இழுக்கும். கார்டுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய கேஸ் அது.

ஆகவே என் ஓட்டு, மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்ஸிலேயே ஓடுகிற, தனி ஒயர் வேண்டாத கார்டுகளுக்கு. 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி மாடல் 70 வாட்ஸ்தான். உஷார்: 2022இல் வந்த 8 ஜிபி மாடலுக்கும் அதே 3050 பெயர்தான், ஆனால் அது 130 வாட்ஸ். ஜிடிஎக்ஸ் 1650இல் சில மாடல்கள் மட்டும் 6 பின் ஒயர் கேட்கும். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்ஸ் என்றாலும் பழைய மதர்போர்டில் வேகம் குறையும், வீடியோ என்கோடிங்கும் அதில் கிடையாது. எடிட்டிங் பையனுக்கு ஆகாது. 1050 டிஐ பேரைச் சொல்லி, 2010 மாடல் சரக்குக்கு ஸ்டிக்கர் மாற்றி விற்ற கதையும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். மானிட்டர் விஜிஏ மட்டும் என்றால் கன்வெர்ட்டருக்கும் தனியாக எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, பழைய பெட்டியில் காசைப் போடாமல் புதிதாகவே வாங்கு என்பவர்களும் இருக்கிறார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும்.

சென்னை ரிச்சி தெருவில் சல்லிசு என்று ரயில் ஏறுவோர் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கார்டு ஓடவில்லை என்றால் மாற்றிவர இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும். எங்கே வாங்கினாலும், எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரையும் கேபினெட்டின் உள்பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் படத்தைப் பார்க்காமலே “தாராளமா ஓடும் தம்பி” என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.