இன்டர்நெட் வழித் தொலைபேசி: வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

விருதுநகரில் பருப்பு விலை, போடியில் ஏலக்காய் விலை கேட்க ஒரு காலத்தில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். பிறகு எஸ்.டி.டி. வந்தது. கட்டணம் குறையும் இரவு நேரம் பார்த்து பூத் வாசலில் நின்றோம். 2006 மார்ச் 1 முதல், இந்தியாவில் எங்கு பேசினாலும் நிமிடத்திற்கு 1 ரூபாய் என்ற திட்டத்தை பி.எஸ்.என்.எல். கொண்டு வந்தது. இன்று பெரும்பாலான திட்டங்களில் பேச்சுக்கென்று தனிக் கணக்கே இல்லை. இதற்கு ஒரு முக்கியக் காரணம், நம் குரல் இன்டர்நெட் முறையில் பயணம் செய்யத் தொடங்கியதுதான்.

வேலை செய்யும் விதம்

பழைய முறையில் நாம் பேசி முடிக்கும் வரை ஒரு பாதை முழுவதும் நமக்கே ஒதுக்கப்படும். பத்து மூட்டைக்கு ஒரு லாரியை முழு வாடகைக்குப் பிடிப்பது போல. புதிய முறை பார்சல் சர்வீஸ் போன்றது. குரல் வினாடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகிறது. அந்த எண்கள் சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, முகவரி ஒட்டி அனுப்பப்படுகின்றன. பொதுவாக வினாடிக்கு 50 பொட்டலம். பல கடைச் சரக்கு ஒரே லாரியில் ஏறுவதால் வாடகை குறைகிறது. ஒரு பொட்டலம் தாமதமாக வந்தால் அது பயன்படாது. பேச்சு விட்டு விட்டுக் கேட்பது அதனால்தான். ஒரு பேச்சுக்கு வினாடிக்குச் சுமார் 100 கிலோபிட் போதும். ஆகவே வேகத்தைவிட, இணைப்பு சீராக இருப்பதே முக்கியம்.

நம் நாட்டில் வந்த வழி

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் வழங்கியது. 2002 ஏப்ரல் 1 முதல் இன்டர்நெட் வழிப் பேச்சுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாமே தவிர, உள்நாட்டுத் தொலைபேசிக்குப் பேச முடியாது. 2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ஜியோ, செல்போன் பேச்சு முழுவதையும் இந்த முறையிலேயே கொடுத்தது. 2018 ஜூனில், உரிமம் பெற்ற கம்பெனிகள் இன்டர்நெட் வழியாக எந்தத் தொலைபேசிக்கும் இணைப்புத் தரலாம் என்று தொலைத்தொடர்புத் துறை தெளிவுபடுத்தியது. இப்போது ஃபைபர் இணைப்புடன் லேண்ட்லைனும் சேர்ந்தே வருகிறது.

கடைக்கு என்ன லாபம்?

ஒரே எண்ணைக் கடையிலும் குடோனிலும் வீட்டிலும் எடுத்துப் பேச ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆர்டர் வாங்கலாம். கிளைக் கடைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனிக் கட்டணம் வராது. எந்த வசதிக்கு என்ன தொகை என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. மின்சாரம்: பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. ஊரில் கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் அப்படி இல்லை. மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் போனும் இல்லை. மின்வாரியம் பராமரிப்புக்காக நிறுத்தும் நாளில் பகல் முழுவதும் ஆர்டர் நின்றுவிடும். மோடத்துக்கென்று ஒரு சிறு யு.பி.எஸ். வைப்பது அவசியம்.

2. கடை எண்: பில் புத்தகத்திலும் பெயர்ப் பலகையிலும் உள்ள எண், பல வருடம் சேர்த்த சொத்து. செல்போன் எண்ணைக் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் உள்ளது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை. பழைய எண்ணையே புதிய இணைப்பில் தர முடியுமா என்று உறுதி செய்த பிறகே பழைய லைனைத் துண்டிக்க வேண்டும்.

3. ஆப்பை மட்டும் நம்புதல்: 2003ல் வந்து உலகம் முழுதும் புகழ்பெற்ற ஸ்கைப், 2025 மே மாதம் மூடப்பட்டது. வாடிக்கையாளர் தொடர்பு முழுவதையும் ஒரே ஆப்பில் வைப்பது நல்லதல்ல. வாடிக்கையாளர்களின் எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வைக்கவும்.

4. மோசடி: போனில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். வெளிநாட்டிலிருந்து இந்திய எண் போல வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆனாலும் முழுப் பாதுகாப்பு நம் கையில்தான். பழகிய மண்டியின் பெயரைச் சொல்லி, "பேங்க் கணக்கு மாறிவிட்டது, புதுக் கணக்கில் பணம் போடுங்கள்" என்றால், உங்களிடம் உள்ள பழைய எண்ணுக்கு நீங்களே பேசி விசாரித்த பிறகு போடுங்கள். போலீஸ் யாரையும் போனில் கைது செய்வதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் புகார் செய்யவும்.

5. வாடகைக்கு இடம்: மாடியிலோ குடோனிலோ ஒரு பெட்டி வைத்து, நிறைய சிம் கார்டு போட்டு, கரண்டும் இன்டர்நெட்டும் கொடுத்தால் மாதாமாதம் நல்ல வாடகை தருகிறோம் என்று யாராவது வந்தால் சம்மதிக்காதீர்கள். வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றும் சட்டவிரோத வேலை அது. இடம் கொடுத்தவரும் போலீஸ் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

6. பேசிய விலை: பேச்சு மலிவானதால் ஆர்டர் எல்லாம் வாய்ப்பேச்சிலேயே முடிகிறது. சரக்கு, அளவு, விலை, லாரி வாடகை யார் பொறுப்பு என்ற நான்கையும் பேசியவுடன் எழுத்தில் ஒரு செய்தியாக அனுப்பி விடுங்கள். பின்னால் தகராறு வராது.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மாதிரி பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. தொலைபேசி இணைப்பையும் அப்படியே பார்த்து எடுப்போம். புதிய இணைப்பு ஒரு மாதம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை விடுவதே வியாபாரிக்கு நல்லது.