மூன்று மணிக்கு ஒரு வேலி
‘எல்லைக்கோட்டுக்கு வெளியே’ தொடர் – 17

சென்ற வாரம் விட்ட இடம் நினைவிருக்கும்: இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் அடுக்குகளில் 72 கிளப்புகள், அவற்றுக்கும் ஸ்கை தொலைக்காட்சிக்கும் 2024-25 பருவத்திலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தம், விளம்பர உதவியையும் சேர்த்து மதிப்பு 93.5 கோடி பவுண்டு. புதிதாக வந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளட்டும். ஜெர்மன் ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்த கதை இந்த வாரம் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன் ஒரு பழைய சனிக்கிழமையைத் தாண்டிப் போக வேண்டும். அது லேசில் வழிவிடவில்லை.

1960 செப்டம்பர் 10. பிளாக்பூல் நகரத்து ப்ளூம்ஃபீல்ட் ரோடு மைதானத்தில் பிளாக்பூலுக்கும் போல்டன் வாண்டரர்ஸுக்கும் லீக் ஆட்டம். இங்கிலாந்தில் ஒரு லீக் ஆட்டம் தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது அதுதான் முதல் தடவை. ஐடிவி 26 ஆட்டங்களைக் காட்டுவதாக ஒப்பந்தம் போட்டு, ‘பெரிய ஆட்டம்’ என்று தம்பட்டம் அடித்திருந்தது. பெரிய ஆட்டத்தில் பெரிய ஆளான ஸ்டான்லி மேத்யூஸ் காயம்பட்டு ஆடவில்லை. காலி இருக்கைகள் கேமராவில் தெரிந்தன, கேமரா கோணமும் சரியில்லை. போல்டன் ஒரே ஒரு கோல் அடித்து ஜெயித்தது. அடுத்துக் காட்ட வேண்டியது ஆர்சனல் – நியூகாஸில் ஆட்டம். கேமராவை உள்ளே விட முடியாது என்று ஆர்சனல் சொல்லிவிட, டாட்டன்ஹாமும் அதே பாட்டைப் பாட, 26 ஆட்ட ஒப்பந்தம் ஒரே ஆட்டத்தோடு படுத்துவிட்டது. மறுபடி ஒரு லீக் ஆட்டம் நேரலையில் வர 1983 அக்டோபர் வரை, 23 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் கால்பந்து வரலாற்றுப் புத்தகங்களில் எங்கும் கிடைக்கிற சங்கதிதான். என்னை இந்த வாரம் பிடித்துக்கொண்டு விடாதது வேறொரு சின்ன விவரம்: அந்த ஆட்டம் தொடங்கிய நேரம் மாலை 6.50. மற்ற ஆட்டங்கள் எல்லாம் வழக்கம்போலப் பிற்பகல் மூன்று மணிக்கு. அவற்றைப் பார்க்கப் போகிறவர்களைத் தொலைக்காட்சி வீட்டிலேயே உட்கார வைத்துவிடக் கூடாது என்றுதான் இதை மாலைக்குத் தள்ளினார்கள். ஆக, முதன்முதலில் நேரலையில் வந்த லீக் ஆட்டமே நேரம் மாற்றப்பட்ட ஆட்டம். நேரம் மாறாமல் தொலைக்காட்சி வந்த பொற்காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

மூன்று மணி மட்டும் எங்கிருந்து வந்தது? 1850-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்தியது. அரைநாள் விடுப்பு பிறகு மற்றத் தொழில்களுக்கும் பரவியது. ஆலையை விட்டு வந்து, ஏதோ சாப்பிட்டு, மைதானத்துக்கு நடந்து போய்ச் சேர ஒரு மணி நேரம். 1888-ல் 12 கிளப்புகளோடு ஃபுட்பால் லீக் தொடங்கியபோது அதில் ஆறு லங்காஷயர் மாவட்டத்துக் கிளப்புகள், பெரும்பாலும் ஆலை ஊர்கள். ஆட்ட நேரம் பார்வையாளரின் வேலை நேரத்தைப் பார்த்துக் குறிக்கப்பட்டது. ஒளிவிளக்கின் கீழ் லீக் ஆட்டம் நடந்தது 1956-ல்தான் என்பதால், குளிர்காலத்தில் மூன்று மணியைத் தாண்டித் தள்ளிப்போட வழியும் இல்லை. எவருடைய சவுகரியத்துக்காக நேரம் குறிக்கப்படுகிறது என்ற கேள்வியை இந்தத் தொடர் விடாமல் கேட்டுவருவதற்குக் காரணம் இந்தப் பின்னணிதான்.

பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட் இங்கே வருகிறார். இறைச்சி வியாபாரி; பிடித்தால் விடாதவர். 1959-60-ல் பர்ன்லி லீக் சாம்பியன், ஆகவே அவர் பேச்சுக்கு எடை இருந்தது. தொலைக்காட்சியில் பெரிய கிளப்பைக் காட்டினால் சின்ன ஊர் மைதானங்கள் காலியாகும் என்பது அவர் வாதம். அதைச் சொல்லோடு நிறுத்தவில்லை. பிபிசியின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ கேமராக்களைத் தன் டர்ஃப் மூர் மைதானத்துக்குள் ஐந்தாண்டுகள் விடவே இல்லை. சனிக்கிழமைப் பிற்பகலில் நேரலை கூடாது என்று மற்றக் கிளப்புகளையும் ஒப்புக்கொள்ள வைத்தவர் என்ற பெயரும் அவருக்கே. அந்தத் தடை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் 48-ம் விதி, ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் வார இறுதியில் இரண்டரை மணி நேரத்தை நேரலையிலிருந்து மூடிவைக்க அனுமதிக்கிறது. இங்கிலாந்து எடுத்துக்கொண்டது சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை. சின்னக் கிளப்பின் வாசல் வசூலைக் காக்கப் போட்ட வேலி.

வேலியின் விளைவு இப்போது தலைகீழாகிவிட்டது என்பதே இந்த வாரத்து வாதம். பாப் லார்ட் காலத்தில் தொலைக்காட்சிக்கு வேண்டியிருந்தது பெரிய கிளப்புகள் மட்டும். சின்னக் கிளப்புகள் வேலிக்குள் மூன்று மணிக்கு நிம்மதியாக ஆடின. இன்று தொலைக்காட்சிக்குச் சின்னக் கிளப்புகளும் வேண்டும், அதுவும் மொத்தமாக. புதிய ஒப்பந்தப்படி பருவத்துக்கு 1,059 ஆட்டங்கள் நேரலையில். அவற்றில் லீக் ஆட்டங்கள் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் 328, மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் 248, நான்காம் அடுக்கான லீக் டூவில் 248. ஒவ்வொரு பிரிவிலும் பருவத்துக்கு 552 ஆட்டங்கள் என்பதால், மூன்று பிரிவும் சேர்த்துக் கிட்டத்தட்டப் பாதி. வேலிக்குள் நடப்பதைக் காட்டக் கூடாது என்றால், காட்ட விரும்புவதை வேலிக்கு வெளியே இழுக்க வேண்டும். வாரநாள் இரவு ஆட்டங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்க, கேமரா வந்து போகிறது. வார இறுதியில்தான் இழுபறி: வெள்ளி இரவு, ஞாயிறு நண்பகல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சனிக்கிழமை மதியம் 12.30. மைதானம் காலியாகாமல் காக்க வந்த விதி, மைதானத்துக்குப் போகிறவனின் சனிக்கிழமையைக் கலைத்துவிட்டது. கல்யாணத்தைக் காப்பாற்றுவதற்காக வீடியோக்காரர் வரும் நேரத்துக்கு முகூர்த்தத்தை மாற்றுவது போன்ற காரியம்.

12.30 என்பது உள்ளூர்க்காரருக்குப் பெரிய சங்கடம் இல்லை. சாப்பாட்டு நேரம் தவறும், சனிக்கிழமை காலை வேலை இருப்பவர் தவறவிடுவார், அவ்வளவுதான். அடி விழுவது வெளியூர் ரசிகருக்கு. தென்மேற்கு மூலையில் இருக்கும் பிளிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குக் கரையிலுள்ள சண்டர்லேண்டும் பிளிமத்தும் 2023-24, 2024-25 இரு பருவங்களிலும் சாம்பியன்ஷிப்பில் இருந்தன. சாலை வழியே ஊருக்கு ஊர் சுமார் 650 கி.மீ. மூன்று மணி ஆட்டம் என்றால் விடிகாலையில் பேருந்து ஏறலாம். 12.30 என்றால் நள்ளிரவு தாண்டியதும் கிளம்ப வேண்டும், அல்லது முதல் நாளே போய் அறை எடுக்க வேண்டும். காலை ரயில் எதுவும் போய்ச் சேராது. வெள்ளி இரவு ஆட்டமானால் திரும்பக் கடைசி ரயில் இல்லை, அரைநாள் சம்பளமும் போகும். ஞாயிறானால் தண்டவாளப் பராமரிப்பு என்று பாதிப் பாதையை மூடியிருப்பார்கள். டிசம்பர் 26 பண்டிகை ஆட்டங்களைக் கேட்கவே வேண்டாம். அன்று பிரிட்டனில் ரயில்களே கிட்டத்தட்ட ஓடுவதில்லை. இதில் தொலைக்காட்சி மட்டுமே குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலிவு ரயில் டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்பே எடுத்தால்தான் கட்டுபடியாகும், அந்த டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள் என்ற நிலையில், ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது என்ற செய்தி டிக்கெட் எடுத்த பிறகு வந்தால் அந்த நஷ்டம் யார் கணக்கில்? ஸ்கையின் கணக்கில் இல்லை, லீக்கின் கணக்கில் இல்லை, இரு கிளப்புகளின் கணக்கிலும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட எவருக்கும் அந்தச் செலவு தெரிவதில்லை. தெரியாத செலவை எவரும் குறைக்க மாட்டார்கள்.

“கூட்டம் குறையவில்லையே, பிறகென்ன?” என்பது லீக் தரப்பின் பதில். உண்மைதான், இந்தக் கீழ் அடுக்குகளின் கூட்டம் பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்கு ஏறியிருக்கிறது. ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்புவதில் இரண்டு சிக்கல்கள். பல கிளப்புகள் அறிவிக்கும் எண்ணிக்கை விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கை. சீசன் டிக்கெட் வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வந்தவராகவே எண்ணப்படுவார். அதோடு, மொத்தக் கூட்டத்தில் பெரும்பங்கு உள்ளூர்க்காரர்கள் என்பதால், 650 கி.மீ. வர வேண்டியவர்களில் பாதிப்பேர் நின்றுபோனாலும் கூட்டுத்தொகையில் அது கண்ணுக்குப் படாது. பாப் லார்டின் பயத்துக்கு ஆதாரமே இல்லையா என்றால், இருக்கிறது. டேவிட் ஃபாரஸ்ட், ராபர்ட் சிம்மன்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வாரநாள் இரவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் தொலைக்காட்சியில் ஓடும்போது கீழ் அடுக்கு மைதானங்களின் கூட்டம் குறைகிறது என்று கண்டார்கள். ஆனால் லார்ட் அஞ்சியதும் அவர்கள் அளந்ததும் ஒன்றே: அடுத்தவர் ஆட்டம் என் வாசலைக் காலி செய்வது. என் ஆட்டமே எனக்கு எட்டாத நேரத்துக்குப் போய்விடுவது வேறு விஷயம். அதை அளக்க வாசல் வசூல் உதவாது.

வலுவான ஆட்சேபம் பணம்தான். அந்தப் பணம் இல்லாமல் இந்தக் கிளப்புகள் பிழைக்குமா? 2000-ல் ஃபுட்பால் லீக் ஒரு டிஜிட்டல் தொலைக்காட்சி நிறுவனத்தோடு மூன்றாண்டுக்கு 31.5 கோடி பவுண்டு என்று ஒப்பந்தம் போட்டது. ஐடிவி டிஜிட்டல் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம் 2002-ல் விழுந்தது. லீக்குக்கு வர வேண்டிய பாக்கி 17.85 கோடி பவுண்டு. பின்னால் நின்ற இரண்டு பெரிய நிறுவனங்களிடமிருந்து எழுதி வாங்கிய உத்தரவாதம் இல்லை என்பதால் உயர் நீதிமன்றத்திலும் லீக் தோற்றது. வரப்போகிற பணத்தை நம்பி வீரர்களுக்குச் சம்பளம் பேசியிருந்த கிளப்புகள் தள்ளாடின. (அந்தத் தொலைக்காட்சியின் விளம்பரத்தில் வந்த கம்பளிக் குரங்குப் பொம்மை மட்டும் சில ஆண்டுகளில் ஒரு தேயிலை விளம்பரத்தில் வேலை தேடிக்கொண்டது.) இதிலிருந்து ‘பணமே வேண்டாம்’ என்று முடிவு கட்டுவது அசட்டுத்தனம். பணம் அவசியம் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். பொதுவாக லீக் வருமானம் பிரியும் விகிதம் சாம்பியன்ஷிப்புக்கு 80 விழுக்காடு, லீக் ஒன்னுக்கு 12, லீக் டூவுக்கு 8. லீக் டூ ரசிகர் தன் சனிக்கிழமையைக் கொடுத்து வாங்கித் தரும் தொகையில் அவர் கிளப்புக்கு வருவது சொற்பம். கிளப்புக்கு நஷ்டஈடு கிடைக்கிறது என்பதாலேயே ரசிகருக்கும் கிடைத்துவிட்டதாக ஆகாது.

இன்னொரு ஆட்சேபத்தை மறுக்கவே நான் தயாராக இல்லை. படியேற முடியாத முதியவர், மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர், பிழைப்புக்காக வேறு ஊர் போனவர்: இவர்களும் ரசிகர்களே. லீக் டூ கிளப் ஒன்றின் ஆட்டத்தை இவர்கள் இருபதாண்டுகளுக்கு முன் பார்த்திருக்கவே முடியாது. மைதானத்துக்கு வருபவன்தான் அசல் ரசிகன் என்ற மிதப்பு எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இவர்களுக்கு வேண்டியது ஆட்டம் காட்டப்படுவது. நேரம் மாற்றப்படுவது அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருப்பது மூன்று மணி வேலி மட்டுமே. அப்படியானால் வேலியைப் பிடுங்கிவிடலாமா? பிரீமியர் லீக் ஆட்டங்களும் மூன்று மணிக்கே நேரலையாகிவிடும். நான்காம் அடுக்கு மைதானம் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்த 2006 ஆய்வு எச்சரிக்கை. கீழ் அடுக்குகளுக்கு மட்டும் வேலியில் ஒரு வாசல் திறக்கலாம் என்பது என் கட்சி. பர்ன்லி தலைவர் பயந்தது ராட்சதர்களைப் பார்த்து. லீக் டூ ஆட்டம் ஒன்றைத் திரையில் பார்ப்பதற்காக வேறொரு லீக் டூ மைதானத்தை விட்டுவிடுகிறவர் அநேகமாக இல்லை. அதுவரை, முன்னறிவிப்பாவது நீளட்டும். புதிய ஒப்பந்தம் இதில் பாராட்டத்தக்க ஒன்றைச் செய்திருக்கிறது: ஜனவரித் தொடக்கம் வரைக்குமான தொலைக்காட்சித் தேர்வுகளைப் பருவம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். முன்பெல்லாம் சில வாரத் தவணையில்தான் தெரியும். முதல் பாதிக்குச் செய்ய முடிந்ததை இரண்டாம் பாதிக்கும் செய்யலாம். பட்டத்துக்கான போட்டியும் கீழிறங்கும் பயமும் எங்கே சூடுபிடிக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஒளிபரப்பாளரின் பதில். நியாயமான வியாபாரக் காரணம். அப்படியானால் தாமதமாக மாற்றும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளியூர் ரசிகரின் பேருந்துச் செலவை அந்த வியாபாரமே ஏற்கட்டும். அந்தச் செலவு ஒரு முறை கணக்கில் ஏறிவிட்டால், எந்த ஆட்டத்தை மாற்றுவது உண்மையிலேயே அவசியம் என்பதை அவர்களே யோசிப்பார்கள்.

ஜெர்மனிக்கு இடமில்லாமல் போய்விட்டது. இப்போதைக்கு இவ்வளவு: அங்கே இரண்டாம் அடுக்கு ரசிகர்கள் திங்கட்கிழமை இரவு ஆட்டத்தை 1990-களிலிருந்து சகித்துக்கொண்டிருந்தார்கள். 2017-18-ல் முதல் அடுக்குக்கும் திங்கள் வந்தது. 2018 பிப்ரவரி 19 இரவு ஃபிராங்ஃபர்ட்டில் டென்னிஸ் பந்துகள் பறந்தன, இரண்டாம் பாதி தாமதமானது. அதே ஆண்டு நவம்பரில் திங்கள் ஆட்டத்தைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. 2021-22-ல் இரண்டு அடுக்குகளிலும் அது போய்விட்டது. இரண்டாம் அடுக்கு சும்மா இருந்த இருபது ஆண்டுகளில் நடக்காதது, முதல் அடுக்கு கூச்சல் போட்டதும் எப்படி நடந்தது, திங்களுக்குப் பதிலாகக் கிடைத்த சனிக்கிழமை இரவு 8.30 மணி ஆட்டம் யாருக்கு லாபம் என்பதெல்லாம் அடுத்த வாரம்.