கரி மலையில் ஓர் ஆண்டு
தொண்டுக்குப் புறப்பட்டவர்கள் – 7

ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தைத் தொடங்கிய ராக்ஃபெல்லரின் கொள்ளுப்பேரன் ஜே ராக்ஃபெல்லர், 1964-இல் மேற்கு வர்ஜீனியாவின் எம்மன்ஸ் என்ற சின்னஞ்சிறு சுரங்க ஊருக்குத் தொண்டராக வந்து சேர்ந்தார். வயது 27. ஹார்வர்டில் படித்தவர், சில ஆண்டுகள் ஜப்பானில் தங்கி அந்த மொழியையும் கற்றவர். எம்மன்ஸ்காரர்கள் பேசியதோ அவருடைய தாய்மொழியைத்தான். ஆனாலும் ஊர் அவரை லேசில் நம்பவில்லை. அவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கரி மண்ணில் என்ன வேலை என்று சந்தேகப்பட அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. பள்ளிக்கூட பஸ் தங்கள் ஊர் வரை வரவேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் குறை. அதற்காக ஊராரோடு சேர்ந்து அலைந்தார் ஜே. இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பிறகு அதே மாநிலத்துக்கு கவர்னராகவும், 30 ஆண்டுகள் செனட்டராகவும் இருந்தார்.

பெயரைச் சொன்னாலே நாடு அறியும் குடும்பம் அது. அவரைப் போல அப்பலாச்சிய மலைகளுக்கு வந்த மற்ற இளைஞர்களை யாருக்கும் தெரியாது.

1964 ஏப்ரலில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கிழக்கு கென்டக்கியின் ஐனஸ் ஊருக்குப் போய், வேலையில்லாத ஒரு தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். வறுமைக்கு எதிரான போர் என்று அவர் அறிவித்த திட்டத்தின் முகமாக அந்தப் புகைப்படம் நாடெங்கும் போனது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் கீழ் பிறந்ததுதான் ‘விஸ்டா’ என்ற தொண்டர் திட்டம். கொஞ்ச நாள் பயிற்சி, ஓராண்டுப் பணி, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் போதுமான படி. டிசம்பரில் முதல் 20 பேர் வெள்ளை மாளிகையில் ஜான்சனைச் சந்தித்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

கென்டக்கியில் தொண்டு வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1964 ஜனவரியில் பெரியா கல்லூரி மாணவர்கள் சுத்தியலும் பெயின்ட் டப்பாவுமாக மலையேறி, ஓரறைப் பள்ளிகளைச் செப்பனிட்டார்கள். ‘அப்பலாச்சியத் தொண்டர்கள்’ என்ற அமைப்பு அப்படித்தான் உருவானது. பின்னர் விஸ்டாவினரும் அவர்களோடு சேர்ந்து மலைக்கு வந்தார்கள். இரு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளம். அதில் ஓர் ஓடை. ஓடையை ஒட்டி வரிசையாகச் சில வீடுகள். சில இடங்களில் ஓடைப் படுகையே பாதை. தண்ணீர் கூடினால் போக்குவரத்து நின்றுவிடும். பலர் ஊர்க் குடும்பங்களின் வீட்டிலேயே தங்கினார்கள்.

ஓட்டைக் கூரையை அடைத்தது நல்ல காரியம்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊர்களின் பெரிய துயரம் கூரையில் இல்லை, பத்திரங்களில் இருந்தது. அவர்களுடைய தாத்தாக்கள் காலத்தில் வந்த நில ஏஜென்ட்டுகள், ஏக்கருக்கு அரை டாலர், ஒரு டாலர் என்று கொடுத்து, மண்ணுக்கு அடியில் உள்ள கனிமம் முழுவதையும் எழுதி வாங்கிவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள். சுரங்கம் அடியில் ஓடிய வரை பெரிய தொல்லையில்லை. புல்டோசர் வந்தபோதுதான் வினை வந்தது. மலைச் சரிவை மேலிருந்தே வெட்டிக் கரியை எடுத்துவிட்டு, மண்ணையும் பாறையையும் கீழே தள்ளினார்கள். மழை பெய்தால் அது தோட்டத்துக்குள் வந்தது. கிணற்று நீர் கெட்டது. கேட்டால், பத்திரம் இடம் தருகிறது என்று மாநில நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 1965 நவம்பரில் கென்டக்கியின் நாட் கவுன்ட்டியில் ஓலி கோம்ப்ஸ் என்ற விதவை புல்டோசருக்கு முன்னால் உட்கார்ந்தார். போலீஸ்காரர்கள் அவரைக் கையும் காலுமாகத் தூக்கிச் சென்றார்கள். நன்றியறிதல் திருநாள் விருந்தை அவர் சிறையில் சாப்பிட்டார்.

எந்தத் தொண்டரும் கற்றுக்கொடுத்து அவர் அப்படிச் செய்யவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். மலைக்காரர்கள் சோம்பேறிகள், விதியே என்று கிடப்பவர்கள் என்ற எண்ணம் பயிற்சி வகுப்புகளையும் தாண்டித் தொண்டர்கள் பலர் மனதில் இருந்தது. உள்ளூரில் சில மாதம் வாழ்ந்தவர்களுக்கு அது கரைந்தது. மெல்ல மெல்ல வேலைப் பங்கீடு மாறியது. தொண்டர்கள் தட்டச்சு செய்தார்கள், காரோட்டினார்கள், சட்ட நூல் தேடினார்கள். என்ன செய்வது என்று முடிவெடுத்தது ஊர்.

1967 கோடையில் பைக் கவுன்ட்டியின் ஐலண்ட் கிரீக்கில் ஜிங்க் ரே என்ற விவசாயி தன் நிலத்துக்கு வந்த இயந்திரத்தை மறித்து நின்றார். அக்கம்பக்கத்தவர் கூடவே நின்றார்கள். அப்பலாச்சியத் தொண்டர்களும் துணைக்கு இருந்தார்கள். கவர்னர் நெட் பிரெத்திட் சுரங்க அனுமதியை நிறுத்திவைத்தார். நிலம் தப்பியது.

சில வாரங்கள் ஆவதற்குள், ஆகஸ்ட் மாத இரவொன்றில் போலீஸ் வந்தது. தொண்டர் ஜோ மல்லாய் மீதும், வேறோர் அமைப்பின் ஊழியர்களான மெக்ஷூர்லி தம்பதி மீதும் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக ராஜத்துரோக வழக்கு. வீட்டிலிருந்த புத்தகங்களையும் காகிதங்களையும் அள்ளிச் சென்றார்கள். நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய அரசு வழக்கறிஞர் தாமஸ் ராட்லிஃப் நிலக்கரித் தொழிலில் இருந்தவர். அந்த ஆண்டுத் தேர்தலில் துணை கவர்னர் பதவிக்கு நின்றவர். செப்டம்பரிலேயே மத்திய நீதிமன்றம் அந்த ராஜத்துரோகச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. ஆனால் ஜிங்க் ரேக்கு உதவிய அதே கவர்னர், தொண்டர் அமைப்புக்கான பணத்தை நிறுத்தும்படி வாஷிங்டனைக் கேட்டுக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்குள் அமைப்பு கலைந்துபோனது.

பத்திரச் சண்டை ஓயவில்லை. 1980-களில் உள்ளூர்க்காரர்களே சங்கம் அமைத்து அதைக் கையில் எடுத்தார்கள். 1988 நவம்பரில் கென்டக்கி வாக்காளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆதரித்து, அந்தப் பழைய பத்திரங்களைக் காட்டி, நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் மேலிருந்து வெட்டி எடுக்கக் கூடாது என்று மாநில அரசியல் சாசனத்தில் சேர்த்தார்கள்.

(தொடரும்)